குளிர்ச்சி யாருக்கு?

வண்ணத்தால் மனம் அமைதியுறும் என்பது உண்மையே. மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தினுள் புகுவோர் இதனை உணர்வர். 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த வெண்ணிற ஓடுகள், கையால் தீட்டிய நீல ஓவியங்களுடன், அங்கே தரையெங்கும் பரவியுள்ளன. வெயிலில் நடந்து வந்த கண் அவற்றைக் கண்டதும் குளிர்கிறது.

அக்குளிர்ச்சியை நம் சிறு முற்றத்திலும் காண விழைந்தோம். மதிலுக்கு வெண்சுண்ணம் பூசினோம். நந்தியாவட்டையும் நீலச் சங்குப்பூவும் நட்டோம். செம்பருத்தியின் சிவப்பு கண்ணை உறுத்துவதாகக் கருதி, அச்செடியை அகற்றினோம். மறுநாட் காலை அன்னையார் பூக்கூடையுடன் அவ்விடத்தில் நெடுநேரம் நின்றார். ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் அவர் ஒடித்து வந்த குச்சியிலிருந்து தழைத்த செடி அது. ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

நம் கண் பெற்ற அமைதி, அவர் மனத்தினின்று பறித்தது அன்றோ?

பண்டைத் தமிழர் நிலங்களுக்குப் பூவின் பெயரிட்டனர். வெண்முல்லையின் நிலத்திற்குப் பிரிவைப் பொறுத்திருத்தலையும், நீல நெய்தலின் நிலத்திற்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தனர். கண் குளிரும் வண்ணங்களின் நடுவிலேயே பிரிந்தோர் துயருக்கும் இடம் வைத்தனர். புலம்பெயர்ந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

வெண்மைக்கும் நீலத்திற்கும் இடையே மீண்டும் ஒரு செம்பருத்தி நட்டுள்ளோம். பழைய செடி மீளாது. ஆயினும் அன்னையார் நாள்தோறும் அதற்கு நீர் வார்க்கிறார். கண் சற்றே உறுத்தினும், உடன் வாழ்வோர் மனம் குளிர்வதே முற்றத்தின் அறம்.