எழுந்து நிற்பதும் பாடுவதும்

அம்பத்தூர்ப் பகுதியில் பங்குத்தந்தையாக இருந்த காலத்தில், அன்பியக் கூட்டம் ஒன்றின் முடிவில் முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கடவுள் இல்லை என்பவனையும் மதிக்க வேண்டும் என்கிறீர்கள் ஃபாதர். அவனை மதித்தால் கடவுளை அவமதித்தது ஆகாதா?" நல்ல கேள்வி. ஆனால் அன்று நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். அதே ஆண்டில் அக்கேள்வி ஒரு மரணப் படுக்கையின் அருகே மீண்டும் வந்து நின்றபோது நழுவ இயலவில்லை.

அந்த மனிதர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர், தொழிற்சங்கக்காரர். ஞாயிறுதோறும் மனைவியைச் சைக்கிளில் ஏற்றி வந்து ஆலய வாசலில் இறக்கிவிடுவார். திருப்பலி முடியும்வரை வேப்பமரத்தடித் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பார். உள்ளே வந்ததில்லை. ஆயினும் திருவிழாத் தேர்ப்பவனி அவரைக் கடந்து செல்லும்போது தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நிற்பார். சிலுவை அடையாளம் இல்லை, கைகூப்பலும் இல்லை, நிற்பார், அவ்வளவே. பட்டறையில் ஆயுத பூசையன்றும் அவர் அப்படித்தான் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கற்பூரத் தட்டைத் தொடமாட்டார். எல்லாரோடும் அமர்ந்து பொரியும் கடலையும் உண்பார்.

அவர் பிறப்பால் கத்தோலிக்கர். எப்படி இப்படி ஆனார் என்பதை ஒருமுறை திண்ணையில் அமர்ந்து அவரே சொன்னார். அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. அவருடைய தந்தையின் உடலைச் சுவருக்கு அப்பால்தான் அடக்கம் செய்ய விட்டார்கள். செத்த பிறகும் சாதி பார்க்கும் இடத்தில் கடவுள் இருக்க முடியாது என்று பதினேழு வயதில் முடிவு செய்தாராம். "அந்தக் கணக்கை இன்னும் மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை ஃபாதர்" என்றார். குருமடத்தில் கடவுள் இருப்பதற்கான ஐந்து வழிகளை அக்குவினாரிடம் படித்தவன் நான். அவற்றுள் ஒன்றுகூட அந்தச் சுவரைத் தாண்டி அவரிடம் போய்ச் சேரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, கடவுள் மறுப்பைப் பற்றிப் பேசுகையில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. கடவுள் மறுப்பு தோன்றுவதில் நம்பிக்கை கொண்டோருக்கும் சிறிதல்லாத பங்கு உண்டு. நம் போதனையின், வாழ்வின் குறைகள் கடவுளின் முகத்தைக் காட்டுவதற்கு மாறாக மறைத்துவிடுகின்றன என்பது அதன் கருத்து. நாத்திகரைப் பற்றிய மறையுரைகளில் நாம் அதிகம் எடுத்துரைக்காத பகுதி இது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. நான் பார்க்கச் சென்றபோது நோயில் பூசுதல் பற்றிக் கேட்டேன். கேட்பது என் கடமை. "நீங்கள் வாருங்கள் ஃபாதர். எண்ணெய் வேண்டாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ஐயத்திற்கு இடமில்லாமல் சொன்னார். பத்து நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு அவருடைய மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் நினைவிழந்து கிடந்தார். அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு, "இப்போது அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார் ஃபாதர், பூசிவிடுங்கள்" என்று அழுதார்.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1006-ஆம் எண் எனக்குத் தெரியும். நோயாளி தன்னுணர்வோடு இருந்தபோது இத்திருவருட்சாதனத்தை உள்ளார்ந்த முறையிலேனும் வேண்டியிருந்தால், உணர்விழந்த பின்னும் அதை அளிக்க வேண்டும் என்கிறது அது. இவரோ வேண்டவில்லை, வேண்டாம் என்றே சொல்லியிருந்தார். சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் சட்டத்தைச் சொல்லி அழுகையை நிறுத்த முடியுமா? நான் பூசவில்லை. கட்டிலருகே முழந்தாளிட்டு மௌனமாகச் செபித்தேன். விடியுமுன் அவர் இறந்தார். அம்மா பல மாதங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பூசியிருக்கலாமே, எண்ணெய் அவரை என்ன செய்துவிடப்போகிறது?" என்று உடன்குரு ஒருவர் கேட்டார். அவர் இரக்கத்தால்தான் கேட்டார். ஆனால் அக்கேள்விதான் அன்பியத்து முதியவருக்கான விடையை எனக்குக் காட்டிற்று. எண்ணெய் ஒன்றும் செய்யாது என்றால் அந்த அம்மாவுக்கு நாம் தருவது வெறும் ஆறுதல் நாடகம். அது ஏதோ செய்கிறது என்று நாம் மெய்யாகவே நம்பினால், ஒரு மனிதர் பேசமுடியாத வேளை பார்த்து அதை அவர்மேல் திருட்டுத்தனமாய்ச் செய்வது எப்படி? அவருடைய மறுப்பை மதித்தது கடவுளை அவமதித்தது அன்று. திருவருட்சாதனத்தை மந்திரமாக்காமல் காத்தது. அதே டிசம்பர் 7 அன்று வெளிவந்த சமயச் சுதந்திரம் பற்றிய ஏடு இன்னும் ஒருபடி மேலே போகிறது. உண்மையைத் தேடும் கடமையை நிறைவேற்றாதவருக்கும் அவ்வுரிமை நீங்குவதில்லை என்கிறது. ஏனெனில் அது ஒருவருடைய கருத்தின் சரி தவறில் வேரூன்றியதன்று. மனித மாண்பில் வேரூன்றியது.

இதை அந்நியச் சரக்கு என எண்ண வேண்டியதில்லை. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் மணிமேகலை பல சமயத்தாரையும் கேட்கிறாள். கண்ணால் காண்பதையன்றி வேறொன்றையும் ஏற்காத பூதவாதியையும் கேட்கிறாள். அவனை மறுக்கத்தான் செய்கிறாள், ஆனால் அவன் சொல்லி முடித்த பிறகு. பெரியார் (1879–1973) கலந்துகொண்ட கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடப்படும்போது, தள்ளாத வயதிலும் பிறர் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்பார் என்று நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரும் அவரும் கருத்தில் எதிரெதிராய் நின்றே நண்பர்களாயினர். இதனால் பெரியாரை மென்மையானவராக்கிவிடவும் வேண்டாம். 1953-இல் பிள்ளையார் உருவங்களை உடைத்தவரும் அவரே. ஒரே மனிதர் உடைக்கவும் செய்தார், எழுந்து நிற்கவும் செய்தார். நமக்கு வசதியானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயமன்று.

எழுந்து நிற்பதற்கும் பாடுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றமும் ஒருமுறை எடைபோட்டது. யெகோவாவின் சாட்சிகள் குழுவைச் சேர்ந்த கேரளத்துப் பிள்ளைகள் மூவர், பள்ளியில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையோடு எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை. 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி வழங்கிய தீர்ப்பு அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு சமயத்தை மட்டும் காக்கவில்லை. அதற்கு முன்னதாக மனச்சான்றின் உரிமையைச் சொல்கிறது. சிறுபான்மையினராகிய நாம் அந்தப் பிரிவின் நிழலில் வாழ்கிறோம். நம் வீட்டுக்குள் ஒரு மகனோ மகளோ "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லும்போது மட்டும் அந்த நிழலை மறந்துவிடுகிறோம். செபமாலை நேரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, வாய் அசைக்கும்படி அதட்டி நாம் எதைப் பெறுகிறோம்?

பொது மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நான் அங்கி அணியாமல், எளிய உடையில் பின்வரிசையில் நின்றேன். சங்கத் தோழர்கள் சிவப்புக் கொடி போர்த்தி முழக்கமிட்டார்கள். அம்மா செபமாலையைத் தொடங்கியபோது ஒருவர் கையைக் காட்ட, முழக்கம் நின்றது. ஐந்து பத்து மணிகளும் முடியும்வரை அந்த ஐம்பது பேரும் வெயிலில் அசையாமல் நின்றார்கள். ஒருவரும் பாடவில்லை.

அடுத்த நவம்பர் 2-க்கு முந்திய நாள் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். இறந்தோருக்கான திருப்பலிக் கருத்துகள் எழுதும் பதிவேட்டில் கணவரின் பெயரை எழுதச் சொன்னார். சற்றுத் தயங்கினேன். பிறகு எழுதினேன், அவர் உடல்மீது செய்யாததை, அவருக்காக என் பீடத்தில் செய்யலாம் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அவர் திண்ணையிலிருந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு. அம்மா காணிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, "இது என்னுடைய கணக்கு ஃபாதர், அவருடையது இல்லை" என்றார்.