கொடிய விலங்கு கொடியதுதானா?



பிள்ளைகள் பார்க்கும் படங்களைப் பற்றிப் பெற்றோர் முறைப்படுவது புதிய விடயமன்று. படமாளிகைக் காலத்திலும் முறைப்பட்டார்கள். வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தபோதும் முறைப்பட்டார்கள். இன்று கைத்தொலைபேசி வந்த பின்னரும் முறைப்படுகிறார்கள். முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: இரத்தம், கூச்சல், பயங்கரம். இவற்றுள் ஒரு வகையை மாத்திரம் எடுத்து இன்று சற்று ஆழமாகச் சிந்திப்போம். ஆதி உலகத்து இராட்சத விலங்குகளையும், அவற்றின் வாயிலிருந்து தப்பிப் பிழைக்க ஓடும் உயிர்களையும் காட்டும் சித்திரப் படங்களையே குறிப்பிடுகிறோம். ‘வெறும் கார்ட்டூன்தானே’ என்று தள்ளிவிடக் கூடிய இப்படங்களுக்குள் ஒரு பழைய தத்துவக் கேள்வி ஒளிந்து கிடக்கிறது. உயிர் பிழைப்பதற்காகக் கொல்லும் விலங்கு தீயதா? உயிர் பிழைப்பதற்காகக் கொல்லும் மனிதன் தீயவனா? இவ்விரண்டுக்கும் விடை ஒன்றுதானா?

சித்திரப் படக் கலை பிறந்த நாள் தொட்டே டைனோசர்கள் அதனோடு கூட வந்திருக்கின்றன. 1914ஆம் ஆண்டிலேயே வின்சர் மக்கே என்ற அமெரிக்கர் ‘கேட்டி’ என்ற டைனோசரை வரைந்து திரையில் நடமாடவிட்டார். அது பயங்கர விலங்கன்று. ஏசினால் கண்ணீர் விட்டு அழும் ஒரு செல்லப் பிராணி. பயங்கரம் பின்னரே வந்தது. 1940இல் வோல்ற் டிஸ்னி வெளியிட்ட ‘ஃபன்ராசியா’ படத்திலே, ஸ்ரவின்ஸ்கியின் இசைக்கு ஏற்ப, கொட்டும் மழையில் ரைரனோசோரஸ் ஒன்று ஸ்ரெகோசோரஸைத் தாக்கிக் கொல்லும் காட்சி வருகிறது. (விஞ்ஞானப்படி இச்சண்டை நடந்திருக்கவே முடியாது. இவ்விரு விலங்குகளுக்கும் இடையிலான காலம் சுமார் 8 கோடி ஆண்டுகள். ரைரனோசோரஸுக்கும் எமக்கும் இடையிலான காலம் அதைவிடக் குறைவு!) ஆயினும் அக்காட்சியில் ஒரு நேர்மை உண்டு. வென்ற விலங்கை அது தூற்றவில்லை, தோற்றதைப் புனிதப்படுத்தவுமில்லை. பின்னர் வறட்சி வருகிறது. கொன்ற விலங்கும் மற்றவற்றோடு சேர்ந்து தண்ணீர் தேடி நடந்து, புழுதியில் விழுந்து மடிகிறது.

1988இல் டொன் புளூத் இயக்கிய ‘த லாண்ட் பிஃபோர் ரைம்’ பல குடும்பங்களுக்கு அறிமுகமான படம். தாயை இழந்த டைனோசர் குஞ்சு ஒன்று, வேறு சில குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பசுமையான பள்ளத்தாக்கைத் தேடிப் போகும் கதை. தாயைத் தாக்கிச் சாகடிப்பது கூர்ப்பல் கொண்ட ஓர் ஊனுண்ணி. அது துரத்தும் காட்சிகள் சிறுவர்களை மிகவும் அச்சுறுத்தும் என்று கருதி, வெளியிடுமுன் பல நிமிடக் காட்சிகளை வெட்டி நீக்கினார்கள். அதில் எமக்கு ஆட்சேபமில்லை. எமது ஆட்சேபம் வேறு. இலை தின்னும் விலங்கெல்லாம் நல்லது, இறைச்சி தின்னும் விலங்கு கெட்டது என்பதாக அப்படம் உலகத்தை இரண்டாகப் பிரித்து விடுகிறது. ஈற்றில் குஞ்சுகள் பாறையை உருட்டி அந்த ஊனுண்ணியை ஆழ்நீரில் அமிழ்த்துகின்றன. பார்க்கும் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். பிறகு எழுந்து போய், ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு உண்கிறார்கள். அக்கறியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பிரிவினையில் உள்ள பிழையைக் காட்டவே எழுதுகிறோம்.

இந்தப் பிழையை 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் எடுத்துக் காட்டினார் என்றால் சிலர் வியப்படையக் கூடும். ஆதி மனிதன் பாவம் செய்யுமுன் சிங்கமும் பருந்தும் புல்லைத் தின்று வாழ்ந்தன, மனிதனின் பாவத்தால்தான் அவை இரத்தம் குடிக்கத் தொடங்கின என்று அவர் காலத்தில் சிலர் போதித்தார்கள். கேட்பதற்கு இனிமையான இக்கருத்தை அவர் ஏற்கவில்லை. மனிதனின் பாவம் விலங்குகளின் இயல்பை மாற்றி விடவில்லை என்றும், இன்று ஊன் உண்ணும் இயல்புடையவை அன்றும் அவ்வாறே இருந்திருக்கும் என்றும் தமது இறையியல் தொகுப்பிலே தெளிவாக எழுதினார். டைனோசர் என்ற சொல்லே 19ஆம் நூற்றாண்டில் உண்டானது. ஒரு புதைபடிவத்தையும் ஆராயாமல், இயல்பு என்றால் என்ன என்று சிந்தித்தே அவர் இம்முடிவுக்கு வந்தார்.

மண் அவருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. 1971இல் மொங்கோலியாவின் கோபி பாலைவனத்தில், போலந்து – மொங்கோலிய ஆய்வுக் குழுவினர் இரண்டு டைனோசர்களின் எலும்புக் கூடுகளை ஒன்றாகக் கண்டெடுத்தார்கள். ஒன்று வெலோசிராப்ரர், மற்றது புரொட்டோசெராடொப்ஸ். முதலாவதின் வளைந்த கால் நகம் மற்றதின் கழுத்துப் பக்கமாக நீட்டியிருந்தது. மற்றதோ தன் அலகு போன்ற வாயால் முதலாவதின் கையைக் கவ்விப் பிடித்திருந்தது. சண்டையின் நடுவிலேயே மணல் இரண்டையும் மூடிவிட்டது என்று கருதுகிறார்கள். மனிதன் தோன்றுவதற்கு 7 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிகழ்ந்த சண்டை அது. அங்கே வலி இருந்தது, மரணம் இருந்தது. கொலைக்குற்றம் இருந்ததா? இல்லை. குற்றம் இருக்க வேண்டுமானால், ‘நான் இதைச் செய்யாமலும் விடலாம்’ என்று அறிகின்ற ஒரு மனம் இருக்க வேண்டும். தீங்கு வேறு, தீவினை வேறு. புயல் தீங்கு செய்கிறது; புயலை எவரும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை.

அப்படியானால் இக்கதைகளில் ஒழுக்கக் கேள்வி எங்கே தொடங்குகிறது? மனிதன் உள்ளே வரும் இடத்திலேதான். இதற்கு நல்ல உதாரணமாக நாம் கருதுவது, கெண்டி தார்த்தகோவ்ஸ்கி என்பவர் உருவாக்கி 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவரத் தொடங்கிய ‘பிரைமல்’ என்ற சித்திரத் தொடர். இது வளர்ந்தோருக்கென்றே ஆக்கப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். சித்திரம் என்பதால் சிறுவருக்குரியது என்று எண்ணிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து விடாதீர்கள். தசை கிழிவதும் எலும்பு முறிவதும் அதில் ஒளிவுமறைவின்றிக் காட்டப்படுகின்றன. மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்வதாகக் காட்டுவது வெறும் கற்பனை என்பதையும் சொல்லத் தேவையில்லை. முதலாம் தொடரின் பெரும் பகுதியில் பேச்சே கிடையாது. உறுமலும் ஓலமும் பெருமூச்சும் மட்டுமே. அதனால் பார்ப்பவர் முகங்களையும் கண்களையும் கவனிக்க வேண்டியவராகிறார்.

கதை இதுதான். ஸ்பியர் என்ற ஆதி மனிதன் மீன் பிடிக்கப் போகிறான். திரும்பி வரும்போது அவனுடைய மனைவியையும் இரு பிள்ளைகளையும் கொம்புள்ள ஊனுண்ணிகள் இரையாக்கிக் கொள்கின்றன. அவன் ஒரு மலை விளிம்பில் போய் நிற்கிறான், குதித்து மாள்வதற்கு. இறந்தவர்களின் தோற்றம் அவன் மனக்கண்ணில் எழ, திரும்பி விடுகிறான். பின்பு ஃபாங் என்ற பெண் ரைரனோசோரஸைச் சந்திக்கிறான். அதே ஊனுண்ணிகள் அதனுடைய குஞ்சுகளையும் தின்று விடுகின்றன. பிள்ளைகளை இழந்த தகப்பனும் குஞ்சுகளை இழந்த தாயும், ஒருவரையொருவர் கொன்று தின்னக் கூடிய இரண்டு உயிர்கள், சேர்ந்து நடக்கத் தொடங்குகின்றன.

அந்த மலை விளிம்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்ற வாசகத்தை டார்வினுடையது என்றே பலரும் நினைக்கிறார்கள். 1864இல் அதை உருவாக்கியவர் ஹெர்பட் ஸ்பென்சர். டார்வின் 1869இல் தமது நூலின் ஐந்தாம் பதிப்பிலேயே அதை எடுத்துக் கொண்டார். இயற்கையில் நிகழ்வது இன்னது என்று கூறும் அவ்வாசகத்தை, மனிதன் செய்ய வேண்டியது இன்னது என்று கூறும் கட்டளையாக மாற்றிக் கொண்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வியாபாரத்தில் பிறரை மிதித்து ஏறியவரும், அரசியலில் பிறரை அழித்து எழுந்தவரும் இதைத்தான் ஓதுகிறார்கள். ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்க வேண்டும்’ என்பதை எவ்வாறு பெற்றீர் என்று டேவிட் ஹியூம் என்ற ஸ்கொத்லாந்துத் தத்துவ ஞானி 18ஆம் நூற்றாண்டில் கேட்ட கேள்விக்கு அவர்களிடம் விடை கிடையாது. ஸ்பியரோ தப்பிப் பிழைத்தவன். உடல் வலிமை அவனிடம் உண்டு, ஈட்டி உண்டு, ஆற்றிலே மீன் உண்டு. பிழைப்பதே முடிந்த முடிவான நன்மை என்றால் அவனுக்கு என்ன குறை? ஏன் விளிம்பில் போய் நின்றான்? பதுங்கு குழிகளிலும் முகாம்களிலும் இருந்து 2009இல் வெளியே வந்த எமது மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயிரோடு வந்ததையிட்டு மகிழ முடியாமல், ‘நான் மட்டும் ஏன்?’ என்று கேட்டவர்கள் எமது பங்குகளிலே எத்தனை பேர்!

நட்பும் ஒரு தந்திரம்தானே, இருவர் சேர்ந்தால் வேட்டை இலகு, ஆகவே ஸ்பியரும் ஃபாங்கும் சேர்ந்ததும் பிழைப்புக்காகவே என்று ஒருவர் வாதிக்கலாம். நியாயமான ஆட்சேபம். முதலில் அவ்வாறே தொடங்கியிருக்கவும் கூடும். ஆனால் அத்தொடரிலே இந்த விளக்கத்துக்குள் அடங்காத ஒரு சம்பவம் உண்டு. பனிக்காலம். பசி, குளிர். இருவரும் மந்தையிலிருந்து பின்தங்கிய ஒரு முதிய மமத் யானையைக் கொல்லுகிறார்கள். இறைச்சி உணவாகிறது, தோல் போர்வையாகிறது. இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் மந்தை இறந்ததைத் தேடிக்கொண்டு வருகிறது, கொன்றவர்களைத் துரத்திப் பிடிக்கிறது. சாகும் தறுவாயில் ஸ்பியர் ஒன்றை உணர்ந்து கொள்கிறான்: இவை எம்மைத் தேடி வந்தவையல்ல, தங்களுடையதைத் தேடி வந்தவை. இறந்த யானையின் தந்தத்தை எடுத்துக் கொடுக்கிறான். மந்தை அதைப் பெற்றுக்கொண்டு போய்த் துக்கம் காக்கிறது.

கதாசிரியர் இதை முற்றாகக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. இன்றைய யானைகள் தம் இனத்தின் எலும்புகளையும் தந்தங்களையும் கண்டால் நின்று, துதிக்கையால் தடவி, நீண்ட நேரம் விலகாமல் நிற்பதை ஆபிரிக்காவில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவை உள்ளத்தில் என்ன நினைக்கின்றன என்பது வேறு விடயம். எமக்கு வேண்டியது ஸ்பியரின் செயல். கொன்றது நியாயமே, ஆயினும் கொல்லப்பட்டதற்கும் அதன் உறவுக்கும் நான் ஏதோ கடமைப்பட்டிருக்கிறேன் என்று அவன் கண்டான். ‘தேவை இருந்தது, ஆகவே கணக்குத் தீர்ந்தது’ என்று அவன் சொல்லவில்லை. மிருக உலகத்துக்குள்ளே ஒழுக்கம் நுழைவதை இதைவிட எளிமையாகக் காட்டிவிட முடியாது என்பது எமது எண்ணம். ஒரு வார்த்தையும் பேசாமல் காட்டுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதே தொடரிலே இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. மனிதக் குரங்குக் கூட்டமொன்று இருவரையும் பிடித்துக் கொண்டுபோய் வதைக்கிறது. ஃபாங் இறந்து விட்டதென்று எண்ணிய ஸ்பியர், அவர்களுடைய கருநிறப் பானத்தைக் குடித்து, உருவம் பெருத்து, வெறி கொண்டு, அக்கூட்டத்தைக் கிழித்தெறிகிறான். பசியால் அன்று, தற்காப்புக்காகவும் அன்று. பசித்த விலங்கு வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடும்; பழிவாங்கும் மனிதனுக்கு வயிறு என்று ஒன்றில்லை. இத்தொடரில் எத்தனையோ பயங்கர விலங்குகள் வருகின்றன. எம்மைப் பொறுத்தவரை அவற்றுள் மிகப் பயங்கரமானது, அந்தச் சில நிமிடங்களிலே ஸ்பியர்தான். ஆனால் படத்தின் வேகமும் இசையும் அந்நேரத்தில் பார்ப்பவரை அவன் பக்கம் நிற்க வைத்து விடுகின்றன. இங்கேதான் பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டும் என்கிறோம், இரத்தத்தின் நிறத்தையிட்டல்ல.

கொடுமையைப் பார்ப்பதில் எமக்கு ஏன் இன்பம் என்பதை அரிஸ்டோட்டில் ஓரளவு விளக்கினார். நேரில் காண அருவருக்கும் விலங்குகளையும் பிணங்களையும் சித்திரத்திலே காணும்போது மகிழ்கிறோம், ஏனெனில் அதில் கற்கிறோம் என்பது அவர் கூற்று. இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புனித அகுஸ்தினாரிடம் காணலாம். 386ஆம் ஆண்டில், மிலான் நகருக்கு அண்மையில் நண்பர்களோடு தங்கியிருந்தபோது, வாசலில் இரண்டு சேவல்கள் சண்டையிடுவதைக் கண்டு அவர் நின்று விட்டார். அவற்றின் ஒவ்வோர் அசைவிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறதே, இந்தக் காட்சி எம்மை ஏன் இவ்வளவு ஈர்க்கிறது என்று சிந்தித்து எழுதி வைத்தார். அதே அகுஸ்தினார், தம் நண்பர் அலிப்பியுஸ் உரோமையில் வாள்வீரர் அரங்குக்கு இழுத்துச் செல்லப்பட்ட கதையையும் எழுதியிருக்கிறார். பார்க்கவே மாட்டேன் என்று கண்களை இறுக மூடிக்கொண்டு இருந்த அலிப்பியுஸ், கூட்டம் ஆர்ப்பரித்தபோது கண் திறந்தார், திறந்தவர் மூடவில்லை, மறுபடியும் போனார், பிறரையும் கூட்டிக்கொண்டு போனார்.

சேவல் சண்டையைப் பார்த்தவரும் அரங்கைப் பார்த்தவரும் கண்டது இரத்தந்தான். ஒருவர் வியந்து கேள்வி கேட்டார்; மற்றவர் கூட்டத்தின் குரலோடு கரைந்து போனார். ஒரு படம் எம்மை இவற்றுள் எந்த நிலைக்குக் கொண்டு செல்கிறது என்பதைப் படத்தின் பெயரைக் கொண்டு அறிய முடியாது. கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். ஆகையால் வளர்ந்த பிள்ளைகள் இத்தகைய தொடர்களைப் பார்க்கும் வீடுகளில், பெற்றோர் கதவுக்கு வெளியே நின்று ஏசுவதை விட்டுவிட்டு, ஒரு நாள் உள்ளே போய் அருகில் அமரட்டும். மமத்தின் தந்தத்தைத் திருப்பிக் கொடுக்கும் காட்சி வந்ததும் அவன் ஏன் கொடுத்தான் என்று கேளுங்கள். மனிதக் குரங்குகளை வதைக்கும் காட்சி வந்ததும் படத்தை நிறுத்தி, இது ஆருக்காகச் செய்யப்பட்ட கொலை என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலை உடனே திருத்தப் போகாமல், முதலில் முழுவதையும் கேட்டு முடியுங்கள்.