கிளியோ, மலரோ?

மாசி, பங்குனி மாதங்களில், பெங்களூருவை அடுத்த பன்னேர்கட்டா போன்ற வறண்ட காடுகளில், இலையுதிர்ந்து நிற்கும் சில மரங்கள் செந்தழல் நிறத்தில் பூத்துக் குலுங்குகின்றன. கன்னட மக்கள் இம்மரத்தை 'முத்துக' என்பர்; இதன் இலைகளைத் தைத்து உண்கலமாகப் பயன்படுத்துவதும் அவர்களது பழைய வழக்கம். தமிழில் இது புரசு. பலாசு என்றும் வழங்கும். சென்னையிலுள்ள புரசைவாக்கம் பெயர் பெற்றது இம்மரத்தாலேயே. ஐரோப்பியத் தாவரவியலாரோ, 1762-63இல் பிரிட்டனின் பிரதமராக இருந்த பியூட் பிரபுவின் நினைவாக இதற்குப் 'பியூட்டியா' என்று பெயர் சூட்டினர்.

வடமொழியில் இதன் பெயர் கிம்சுகம். 'கிம்' என்பது வினாச்சொல். 'சுக' என்றால் கிளி; சுகப் பிரம்ம மகரிஷியின் திருப்பெயரில் அமைந்ததும் அச்சொல்லே. வளைந்த செவ்விதழ் கிளியின் அலகை ஒத்திருப்பதால், 'இது கிளியோ?' என்று கண்டவர் வியந்து கேட்ட வினாவே பெயராக நிலைத்தது என்பது மரபு விளக்கம்.

இம்மரத்தைப் பற்றிப் பௌத்த ஜாதகக் கதை ஒன்று உண்டு. காசி மன்னன் பிரம்மதத்தனின் புதல்வர் நால்வர் கிம்சுகத்தைக் காண விரும்பினர். தேரோட்டி அவர்களை வெவ்வேறு பருவங்களில் தனித்தனியே அழைத்துச் சென்றான். மொட்டு அரும்பும் காலத்தில் கண்ட மூத்தவன், "எரிந்த கட்டை போன்றது" என்றான். தழைத்த காலத்தில் கண்டவன் ஆலமரம் என்றான். பூத்தபோது கண்டவன் இறைச்சித் துண்டு என்றான். காய்த்தபோது கண்டவன் வாகை என்றான். நால்வரும் வாதிட்டுத் தந்தையிடம் சென்றனர். "நீங்கள் அனைவரும் கண்டது அம்மரத்தையே. எந்தக் காலத்தில் அது எப்படியிருக்கும் என்று தேரோட்டியை எவரும் கேட்கவில்லை" என்றான் மன்னன்.

இளவரசர் எவரும் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதே முழுமை என்று எண்ணி, கேட்பதை நிறுத்திக்கொண்டதே அவர்கள் குறை. உருவ வழிபாட்டில் உருகும் பக்தர், அருவத் தியானத்தில் அமர்ந்தவரை வறண்டவர் என்று எண்ணலாம். அவரோ இவரை அறியாதவர் என்று எண்ணலாம். எவரும் தம் அனுபவத்தை விட்டுவிட வேண்டியதில்லை. மற்றவர் கண்ட பருவம் எது என்று பணிவுடன் கேட்டாலே போதும்.

மூத்த இளவரசன் கண்ட காட்சி சாதகருக்கு ஆறுதலும் தருவது. இலையற்ற கிளையில் கருமை படர்ந்த மொட்டுகளைக் கண்டே அவன் மரம் எரிந்துபோனது என்று எண்ணினான். ஜபத்தில் சுவையின்றி மனம் வறண்டு கிடக்கும் நாட்களில், 'இனி இங்கு ஒன்றும் துளிர்க்காது' என்று சாதகர் தம்மைப் பற்றி முடிவு செய்துவிடலாகாது. வழிபாட்டில் நாட்டமற்ற பிள்ளையைப் பட்டமரம் என்று பெற்றோர் ஒதுக்குவதும் தகாது. தேரோட்டியாகிய குருவிடம் கேட்டு, பருவம் வரும்வரை பொறுமையோடு நீர் வார்ப்பதே அவர்கள் செய்யத்தக்க பணி.