பிறப்பால் பௌத்தர் உண்டோ?

நம் இல்லங்களில் ஒரு புதிய சொல் வழங்கி வருகிறது. "எங்கள் பிள்ளைகள் பிறப்பிலேயே பௌத்தர்கள்" என்று பெருமிதத்தோடு கூறிக்கொள்கிறோம். 1898-இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வழிவந்தோரும், 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் தம்மம் ஏற்றதன்பின் அவர் வழி நின்றோரின் பேரப்பிள்ளைகளும் இன்று நம்மிடையே உள்ளனர். ஆதலின் அச்சொல்லில் உள்ள மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும், பிறப்பைக் காட்டி நம்மைத் தாழ்த்திய ஓர் அமைப்பைத் துறந்து வந்த நாம், அதே பிறப்பைக் காட்டி நம் மக்களை உயர்த்திக்கொள்ளல் தகுமோ? இதனை நாம் நேர்மையுடன் ஆராய்தல் வேண்டும்.

மச்சிம நிகாயத்து அஸ்ஸலாயன சுத்தத்தில் இவ்வாராய்ச்சிக்கு வழி காட்டப்பட்டுள்ளது. தம் வருணமே உயர்ந்தது என்று வாதிட வந்த அஸ்ஸலாயனன் என்னும் இளைஞனுக்குப் பகவன் புத்தர் ஒரு பழங்கதை சொல்கிறார். அசித தேவலர் என்னும் முனிவர் ஏழு அந்தணரைப் பார்த்து, உங்கள் தாயின் தாயர் ஏழு தலைமுறைவரை யாரோடு கூடினர் என அறிவீரோ என்கிறார். பின்னர், கரு உண்டாகும்போது அங்கு வந்து சேர்வது எந்த வருணம் என அறிவீரோ என்கிறார். அவர்கள் அறியோம் என்று ஒப்புக்கொள்கின்றனர். குலச்செருக்கின் வேரைத் தேடிய கேள்வி, இவ்வாறு கருவின் முதற்கணத்திலே வந்து நின்றது. அக்கணத்தில் நிகழ்வது யாது என்பதை இன்று அறிவியல் ஓரளவு கண்டிருக்கிறது. நாமும் அதனைச் சற்றே நோக்குவோம்.

மனித உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் மரபுச்செய்தி பொறித்த டி.என்.ஏ. இழை ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத உட்கருவில் அஃது அடங்குவது ஹிஸ்டோன் என்னும் புரதங்களாலாகும். 1884-இல் ஆல்பிரெக்ட் கோசெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றைக் கண்டறிந்தார். எட்டு ஹிஸ்டோன்கள் கூடிய சிறு உருளையின்மேல், நூற்கட்டையில் நூல்போல், இழை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றப்பட்டுள்ளது. இத்தகைய உருளைகள் ஓர் உட்கருவிலே கோடிக்கணக்கில் உள்ளன. ஆகவே புதிய உயிரணு ஒன்று தோன்றும்போதெல்லாம் இழை இரட்டித்தால் மட்டும் போதாது. ஹிஸ்டோன்களும் இரட்டித்தல் வேண்டும்.

இனி ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையைக் காண்போம். கருவுற்ற ஒன்றரை மணி நேரத்தில் அது முதன்முறை பிளக்கிறது. அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை பிளந்து, ஏறக்குறைய 7 மணி நேரத்தில், 12 பிளவுகளில், 4,096 உயிரணுக்களாகிறது. இவ்வளவு விரைவில் அத்தனை உட்கருக்களுக்கும் வேண்டிய ஹிஸ்டோன்கள் எங்கிருந்து வந்தன? கருவின் சொந்த மரபிழை அதுவரை பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. தாய்த்தவளை, முட்டை வளர்ந்த பல திங்களிலும், பல்லாயிரம் உட்கருக்களுக்குப் போதுமான ஹிஸ்டோன்களை முன்னரே ஆக்கிச் சேமித்து வைத்திருந்தது. மேலும் ஆக்கிக்கொள்வதற்கான தூது ஆர்.என்.ஏ.க்களையும் உடன் வைத்திருந்தது. பொதுவாக உயிரணுக்கள் இழையை இரட்டிக்கும் வேளையில் மட்டுமே ஹிஸ்டோன்களை ஆக்கும். இத்தவளையின் இளங்கருவிலோ இவ்விரண்டும் இணைந்து செல்வதில்லை என்று 1974-இல் ஆடம்சன், உட்லண்ட் என்னும் இருவர் காட்டினர்.

மனிதரிடத்தும் இவ்வுண்மை வேறொரு வகையில் விளங்குகிறது. ஆணின் விந்தணுவில் இழையைக் கட்டியிருப்பவை பெரும்பாலும் புரோட்டமின்கள் என்னும் வேறு புரதங்கள். கருவுற்ற சில மணி நேரத்தில் அக்கட்டு அவிழ்க்கப்பட்டு, தந்தையின் இழை தாயின் ஹிஸ்டோன்கள்மேல் சுற்றப்படுகிறது. தந்தைவழிக் கோத்திரம் சொல்லித் தருக்குவோர், அக்கோத்திரத்தின் இழை தன் முதல் ஆடையையே தாயிடம் இரந்து பெற்றது என்பதை நினைப்பாராக.

தாயின் சேமிப்பும் தாயின் குலத்ததுதானே, ஆகவே குலம் நிலைத்ததன்றோ எனச் சிலர் வினவலாம். அச்சேமிப்பிலே குலத்தின் அடையாளம் யாது? ஹிஸ்டோன்களுள் ஒன்றான எச்-4 என்பதில் 102 அமினோ அமிலங்கள் உள்ளன. பட்டாணிச் செடியின் எச்-4க்கும் கன்றின் எச்-4க்கும் இடையே இரண்டே இடங்களில் வேறுபாடு உண்டென 1969-இல் அறியப்பட்டது. செடிக்கும் விலங்குக்குமே இவ்வளவு பொதுவாக நிற்கும் பொருளில், மனிதருக்குள் மேல் கீழ் தேடுவது வீண். நிறமும் உயரமும் பெற்றோரிடமிருந்து வருதலை நாம் மறுக்கவில்லை. பெற்றது உணவாகலாம்; பெற்றவனுக்கு அது பட்டமாகாது என்பதே நம் கூற்று.

எனினும் ஓர் எச்சரிக்கை. தவளை முட்டை நமக்கு அறம் போதிப்பதில்லை. அறிவியல் நாளை மாறினும் சமத்துவம் மாறாது. அது நாம் ஏற்றுக்கொண்ட நெறி. முட்டையிலிருந்து நாம் கொள்வது ஓர் உவமையே. அவ்வுவமை நம் பிள்ளைகளைப் பற்றி இரண்டு செய்திகளை உணர்த்துகிறது.

முதலாவது: ஹிஸ்டோனும் இழையும் நேரே சந்தித்தால் ஒழுங்காகச் சுற்றாமல் கட்டியாகிவிடும். நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் துணைப்புரதம் ஹிஸ்டோன்களைத் தாங்கிச் சென்று இழையிடம் ஒப்படைத்துத் தான் விலகிவிடும் என்று 1978-இல் லாஸ்கியும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். தம்மத்தையும் பிள்ளைமேல் மொத்தமாய்க் கொட்டினால் அது கட்டியாகவே நிற்கும். பஞ்சசீலத்தை ஒவ்வொன்றாய், காரணத்தோடு, வயதறிந்து ஒப்படைத்துப் பின் விலகி நிற்கும் கல்யாண மித்திரராய் நாம் அமைதல் வேண்டும்.

இரண்டாவது: உட்கருக்கள் பெருகப் பெருக, தாயின் சேமிப்பு ஒவ்வொன்றின் பங்கிலும் குறைகிறது. பன்னிரண்டாம் பிளவை ஒட்டிக் கருவின் சொந்த மரபிழை பேசத் தொடங்குவதை நியூபோர்ட், கிர்ஷ்னர் ஆகியோர் 1982-இல் காட்டினர். ஹிஸ்டோன்கள் இழையின் அளவுக்கு மிஞ்சி இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு கண்டது. இஃதொன்றே காரணம் அன்று. ஆயினும் காரணங்களுள் முக்கியமானது. அங்ஙனமே நாம் அளிக்கும் தம்மமும் பிள்ளை தானே வினவித் தேர்ந்து தெளியும் நாள்வரைக்குமான கட்டுச்சோறு. அதன்பின்னும் நாமே பேசிக்கொண்டிருந்தால், அவன் குரலை அடக்கியவராவோம்.

பூர்வ பௌத்தர் என்னும் நம் பெயர் வரலாற்றில் நம் இழப்பைச் சொல்வது; குருதியின் சிறப்பைச் சொல்வதன்று. அதைக் குலப்பெயராக்கின், துறந்து வந்த வீட்டையே வேறு பெயரில் கட்டியவராவோம். நேற்றுத் தீட்சை பெற்றவனைவிட நம் பிள்ளை மூத்த பௌத்தன் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் எழும்போதெல்லாம், அஃது எந்த வீட்டிலிருந்து நம்மைத் தொடர்ந்து வந்தது என்று கேட்டுக்கொள்வோம்.

ஆகவே பிறப்பால் பௌத்தர் எவரும் இலர். பௌத்தர் வீட்டில் பிறந்த பிள்ளைகள் உண்டு; அவர்களுக்குச் சேமித்து வைக்க வேண்டிய கடன் நமக்கு உண்டு. அப்பிள்ளை ஒருநாள் தன் அறிவால் ஆராய்ந்து, தன் வாயால் திரிசரணம் கூறுமாயின், அன்றே அவன் பௌத்தன். அந்நாள் வரும்வரை பொறுத்திருப்போம். அந்நாளுக்கு வேண்டியவற்றை இன்றே சேமிப்போம்.