ஹலாலும் தய்யிபும்

உணவு ஹலாலாக மட்டுமன்றி, தய்யிபாகவும் – தூய்மையாகவும் – இருக்கவேண்டுமென அல்பகரா சூராவின் 168-ஆம் ஆயத்தில் அல்லாஹுத்தஆலா ஏவுகின்றான். பிஸ்மி சொல்லி அறுத்த மாட்டிறைச்சி ஆகுமானதே. ஆயினும் சதைக்குள் நாடாப்புழுவின் குஞ்சு இருந்தால் கத்தி அதைக் கொல்லாது. அடுப்பு நெருப்பே கொல்லும். அரைவேக்காடாக உண்டவர் குடலில் சுமார் 3 மாதத்தில் அது பல மீட்டர் வளர்ந்துவிடும்.

மாட்டுக்கு அது எங்கிருந்து வந்தது? மனிதனிடமிருந்தே! அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய்க் கரையிலோ கருவேல மறைவிலோ புழுவுள்ளவர் மலம் கழித்தால், முட்டைகள் புல்லோடு மாட்டின் வயிற்றில் சேர்கின்றன. நீர்த்துறை, பாதை, நிழல் மூன்றிலும் மலம் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த ஹிக்மத்தைச் சிந்தியுங்கள்.

தாய்மார்களே! குர்பானிக் கறியாயினும் உட்சிவப்பு மாறும்வரை வேகவையுங்கள். கழிப்பறையையே பயன்படுத்துங்கள். மலத்தில் வெள்ளைத் துண்டுகள் கண்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் செல்லுங்கள், மருந்துண்டு. வல்ல நாயன் காப்பானாக! ஆமீன்.