கிழியாத உத்தரவு

என் அப்பத்தாவைப் பற்றிய ஒரு நினைவை முப்பது வருடங்களாகச் சுமந்துவந்தேன். எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு ஆசிரியை வேலைக்கான உத்தரவு தபாலில் வருகிறது. அப்பத்தா அடுப்படியில் குத்தவைத்து உட்கார்ந்து அதைக் கிழித்து அடுப்பில் போடுகிறாள். அம்மா நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறாள். காகிதம் சுருண்டு கருகுவதுகூடக் கண்ணில் நிற்கிறது. வகுப்பில் எத்தனையோ முறை இதைச் சொல்லியிருக்கிறேன். என் முதல் தொகுப்பில் ஒரு கவிதையாகவும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்த உத்தரவு கிடைத்தது. நான்காக மடித்து வைத்திருந்தாள். ஒரு கிழிசல் இல்லை.

“அவங்க எங்கடி கிழிச்சாங்க? ‘புள்ளைகள நான் பாத்துக்கறேன், நீ போயிச் சேரு’ன்னு சொன்னதே அவங்கதான். ஒங்கப்பாதான் வாயத் தொறக்கல. இன்னைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு இருந்தேன். சேர வேண்டிய தேதி போயிருச்சு” என்றாள் அம்மா. விறகு பற்றவைக்க அப்பத்தா தினமும் ஏதாவது பழைய காகிதம் கிழிப்பாள். நான் பார்த்தது அதுவாக இருக்கலாம்.

நான் பொய் சொல்லவில்லை. சொன்னது நடக்கவும் இல்லை. ஏழு வயதில் நான் பார்த்தது ஒரு காகிதம் கிழிபடுவதை. அதை மாமியார் கொடுமையாக மாற்றியது எந்த வயது?

குழந்தைகளின் பொய்நினைவுக்கு உளவியலில் புகழ்பெற்ற உதாரணம் ழான் பியாஜே சொன்னது. அவருக்கு இரண்டு வயது இருக்கும்போது பாரீஸ் சாலையில் ஒருவன் அவரைத் தூக்கிச்செல்ல முயல்கிறான். தாதிப்பெண் தடுத்துப் போராடுகிறாள். அவள் முகத்தில் கீறல்கள். பதினைந்து வயதுவரை இந்தக் காட்சி அவர் கண்ணில் தெளிவாக இருந்தது. அப்போது அந்தப் பெண்ணிடமிருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது. எல்லாம் தான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, பரிசாகக் கொடுத்த கடிகாரத்தையும் திருப்பித் தந்தாள். வீட்டார் பேசக் கேட்டதிலிருந்து குழந்தை தன் காட்சியை உருவாக்கிக்கொண்டிருந்தது.

குழந்தையின் பொய்நினைவு பெரும்பாலும் இப்படித்தான் வெளியிலிருந்து வருகிறது. பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும், ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டதும் அதன் நினைவில் சேர்ந்துவிடுகின்றன.

வளர வளர நினைவு திருந்திவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் பிரெய்னெர்ட், வலெரி ரெய்னா இருவரின் ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. படுக்கை, தலையணை, கனவு, கொட்டாவி, இரவு என்று ஒரு பட்டியலை வாசித்துக் காட்டிவிட்டு, கேட்ட சொற்களைச் சொல்லச் சொன்னால் பலர் ‘தூக்கம்’ என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். பட்டியலில் அது இல்லை. இந்தத் தவறைச் சிறு குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம் செய்கிறார்கள். குழந்தை தனித்தனிச் சொற்களைக் கேட்கிறது. பெரியவர் மனம் அவற்றைக் கோத்துச் சாரத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு சாரத்துக்குப் பொருந்துவதை நடந்ததாக நினைவுகூர்கிறது. குழந்தைக்குப் பிறர் சொல் ஆபத்து என்றால், பெரியவர்களுக்குத் தங்கள் அர்த்தமே ஆபத்து.

என் பட்டியலில் அடுப்பு, காகிதம், மருமகள், கண்ணீர் இருந்தன. ‘மாமியார் கொடுமை’ என்ற சொல்லை நானே சேர்த்துக்கொண்டேன். கதைகளும் சினிமாவும் அதைத் தயாராக வைத்திருந்தன. பெண்ணியம் படித்த பிறகும் அந்தக் காட்சியை நான் சந்தேகிக்கவில்லை, இன்னும் அழுத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். அதில் அப்பா எங்குமே இல்லை. ஒரு பெண்ணின் வேலையைத் தடுத்த ஆணின் மௌனம் காட்சியாகப் பதியாது, மௌனத்துக்கு உருவம் இல்லை. அருகில் காகிதம் கிழித்துக்கொண்டிருந்த கிழவிக்கு உருவம் இருந்தது.

இதை எழுதத் தயங்கினேன். நினைவு பொய்க்கும் என்று நாமே சொன்னால், ‘அப்படியெல்லாம் நடக்கல, நீயா நெனச்சுக்கற’ என்று பெண்களின் வாயை அடைப்பவர்களுக்கு ஆயுதம் தருகிறோமா? ஆனால் சொற்பட்டியல் சோதனையை உடலில் விழுந்த காயத்தின் மேல் அப்படியே பொருத்த முடியாது. என் நினைவுங்கூட முழுக்கப் பொய்யில்லை. உத்தரவு வந்ததும் அம்மா போகாததும் உண்மை. பிழை, யார் தடுத்தார்கள் என்பதில். அது சின்னப் பிழையும் அல்ல. ஒரு கிழவியின் பெயர் கெட்டது.

அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில், குழந்தைகளிடம் பதிலை ஊட்டும் கேள்விகள் கேட்கப்பட்டன. 1990-இல் யாருக்கும் தண்டனையில்லாமல் வழக்கு முடிந்தது. அதிலிருந்து குழந்தையை நம்பக் கூடாது என்று பாடம் எடுப்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் கேட்கும் முறைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது நான் எடுக்கும் பாடம். நமது 2012 போக்சோ சட்டம் விசாரணையில் வழக்கறிஞர்களின் கேள்விகளை நீதிபதி வழியாகவே குழந்தையிடம் கேட்கச் சொல்கிறது. சாட்சி சொல்லக் குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்குள் அப்படி ஒரு விதி இல்லை. ‘மாமா சும்மா வெளையாடினாரு’ என்று பத்து முறை சொல்வதும் பதிலை ஊட்டுவதுதான். குழந்தைக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கும் நாம், மறக்கச் சொல்லிக்கொடுப்பதைச் சந்தேகிப்பதில்லை.

ஒரு பெண்ணை நம்புவது என்றால் அவள் சொன்னதோடு நிறுத்திக்கொள்வது அல்ல, அவளிடம் மேலும் கேட்பது. முப்பது வருடம் அம்மாவின் கதையை மேடையில் சொன்ன நான், அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

அப்பாவிடமும் கேட்டேன். “எனக்கு ஞாபகமில்லம்மா” என்றார், செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டே. அந்த மறதியை அந்த வீட்டில் இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

அப்பத்தா இறந்து பல வருடங்களாகிவிட்டன. அந்தக் கவிதையை இப்போது வகுப்பில் வாசித்தால், உத்தரவையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறேன். மாணவிகள் அதைக் கையில் வாங்கி விரித்துப் பார்க்கிறார்கள்.