சவுக்காரமும் சமநீதியும்

"வீட்டிலேயே சவுக்காரம் செய்து துணி வெளுத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சமாகும்" என்று நல்லுரை நவில்வோர் நாட்டில் பலர் உளர். கேட்பதற்கு இனிய உரைதான். எண்ணெயும் காரமும் வாங்கினால் போதும், கடைக்காரனுக்குக் கப்பம் கட்டவேண்டியதில்லை, விளம்பரத்துக்கு மயங்கவேண்டியதில்லை, கையே துணை, கலயமே தொழிற்சாலை! சிக்கனத்தைச் சீர்திருத்தக்காரர் வெறுக்க முடியுமா? நாம் வெறுக்கவில்லை. ஆனால், எந்த நல்லுரையையும் நாவில் இட்டுச் சுவைத்ததும் விழுங்கிவிடாமல், பகுத்தறிவெனும் பல்லால் மென்று பார்ப்பது நம் பழக்கம். ஆகவே மூன்று கேள்விகளை முன்வைக்கிறோம். உண்மையில் மிச்சமாகிறதா? மிச்சம் யாருக்கு? அந்த மிச்சத்துக்காகச் செலவாகிறவர் யார்?

முதற் கேள்விக்கு விஞ்ஞானம் விடை தரும். சவுக்காரம் செய்வதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கொழுப்பும் காரமும் கூடினால் சவுக்காரமும் கிளிசரினும் பிறக்கின்றன. கொழுப்பின் இயல்பை ஆராய்ந்து இந்த உண்மையை விளக்கியவர் செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் நூல் வெளிவந்த ஆண்டு 1823. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். வேப்பெண்ணெய்க்கு 140 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். காரத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, காரத்தின் மீது தண்ணீரைக் கொட்டலாகாது; கொட்டினால் கொதித்துத் தெறித்துக் கண்ணையே கெடுக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. காரம் அதனை அரித்துவிடும். ஆறிய கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கூழாகும்வரை கிளறி, அச்சில் வார்த்து, கட்டியானபின் வெட்டி, நான்கு வாரம் காயவைக்கவேண்டும். அவ்வளவே! அளவு தவறாத கை யாருடையதாயினும் சவுக்காரம் பிறக்கும். கிளறுகிறவர் எந்தக் குலம் என்று காஸ்டிக் சோடா கேட்பதில்லை. எந்தத் தெரு என்று எண்ணெய் விசாரிப்பதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கடையில் தேங்காய் எண்ணெயை விலை கொடுத்து வாங்கித் துணிச் சவுக்காரம் செய்வோமானால், மிச்சம் அன்று, நட்டமே! மலிவான கட்டிச் சவுக்காரத்தின் விலைக்கு அந்த எண்ணெயே கட்டுப்படியாகாது. பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயை வடிகட்டி வைத்திருந்தால், அல்லது சாலையோரப் புங்கமரத்துக் கொட்டையைப் பொறுக்கி ஆட்டி எடுத்திருந்தால், அப்போதுதான் காசு மிஞ்சும். அதுவும் ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரானால், சவுக்காரத்தின் ஒரு பகுதி நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு கூடித் திரிந்துபோகும், நுரை வராது, சலவைச் சோடா சிறிது சேர்த்தாகவேண்டும். எனவே முதற் கேள்விக்கு நம் விடை: மிச்சம் உண்டு, நிபந்தனைகளோடு.

ஆனால் இந்தக் கணக்கில் எண்ணெய்க்கு விலை போட்டோம், காரத்துக்கு விலை போட்டோம். கொட்டை பொறுக்கியவளின் காலைக்கு என்ன விலை போட்டோம்? கிளறியவளின் கைக்கு? காரநெடியில் இருமியவளின் மார்புக்கு? குந்தியிருந்து குமுக்கிய முதுகுக்கு? ஒன்றுமில்லை! "வீட்டு வேலைதானே" என்கிறோம். வீட்டு வேலைக்கு விலையில்லை என்று வைத்துக்கொண்டால், எந்தப் பொருளையும் இலவசமாகச் செய்துவிடலாம். நாம் "மிச்சம்" என்று பெயரிட்டது பல வேளைகளில் மிச்சமே அன்று. வேறொருவர் உடலில் எழுதப்பட்ட பற்று.

இந்தப் பற்றெழுதும் வழக்கம் நேற்றுத் தோன்றியதா? புறநானூற்றின் 311ஆம் பாட்டைப் பாருங்கள். உவர்நிலத்திலே தோண்டிய கிணற்றில் நாள்தோறும் ஆடை வெளுத்த புலைத்தி ஒருத்தி அதிலே நிற்கிறாள். தலைவனின் ஆடை தூய்மையாயிருக்கக் காரணம் அவள் கை. அவளுக்குப் பெயர் இல்லை, தொழில்தான் பெயர். உவர்மண்ணிலே காரம் இருக்கிறது, அது அழுக்கை அகற்றும் என்னும் அறிவு, ஐரோப்பிய ஆய்வுக்கூடம் அதற்கு விளக்கம் எழுதுவதற்கு முன்பே அத்தொழிலாளர் கையில் இருந்தது. உவர்மண், சாம்பல், வெள்ளாவி இவற்றைக் கொண்டு ஓர் ஊரையே வெளுக்க வைத்தவர்கள் வண்ணார். அந்த அறிவுக்குக் கிடைத்த பரிசு என்ன? வாசற்படிக்கு வெளியே நின்று வாங்கிய சோறு; களத்துமேட்டிலே அளந்து போட்ட தானியம். ஒடுக்கப்பட்டோருக்கும் ஒடுக்கப்பட்டோராய், அவர்தம் துணியை வெளுத்த புதிரை வண்ணார் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கொடுமையும் இந்தத் தமிழ் மண்ணில்தான் நடந்தது. அவர்களுக்கெனத் தமிழக அரசு நலவாரியம் அமைத்த ஆண்டு 2009! ஊர் முழுவதும் சலவைச் செலவை மிச்சம் பிடித்தது. அந்த மிச்சத்தைத் தன் வாழ்வால் ஈடு செய்தது ஒரு குலம். வெள்ளாடை ஒருவருக்கு, வெயிலும் வெள்ளாவியும் மற்றொருவருக்கு! இதைச் சிக்கனம் என்பதா, சுரண்டல் என்பதா?

இந்தக் கேள்வியோடு ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்கு வாருங்கள். கருநாடக எல்லையை ஒட்டிய இந்தச் சிற்றூரில்தான் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஆச்சாரியார், அதாவது இராசகோபாலாச்சாரியார், பிறந்தார். தந்தையார் ஊர் முன்சீப். மகன் அந்தச் சிற்றூர் மணியத்தோடு நின்றுவிட்டாரா? இல்லை. ஓசூரில் படித்தார், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் படித்தார், சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் படித்தார், சேலத்தில் வழக்குரைஞரானார், 1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநராகவே அமர்ந்தார். கல்வி ஒரு சிற்றூர்ச் சிறுவனை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அந்தப் பேறறிவை நாம் மறுக்கவில்லை. மறுப்பது நம் பண்பும் அன்று.

அதே ஆச்சாரியார்தாம் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராயிருந்த 1953ஆம் ஆண்டு, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். நாளொன்றுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலவேண்டும். ஒரே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு முறைப் பள்ளி. கூடுதல் செலவின்றிக் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம்! இதுவே அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் தலையாயது. கவனியுங்கள் தோழர்களே! அங்கும் சிக்கனம்தான் பேசப்பட்டது. நிதியில்லாத அரசு பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணியது. கைத்தொழிலின் மேன்மையும் பேசப்பட்டது. இரண்டும் தம்மளவில் தவறான சொற்கள் அல்ல. ஆனால் மிச்சம் யாருடையது? அரசினுடையது. செலவானது எது? வண்ணார் வீட்டுப் பிள்ளையின் மூன்று மணி நேரம். முன்சீப்பின் மகனுக்கு மாநிலக் கல்லூரி. வண்ணாரின் மகனுக்கு வெள்ளாவிப் பானை! அதனால்தான் நாடு அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

"அப்படியானால் கைத்தொழில் இழிவு என்கிறீர்களா? வீட்டில் சவுக்காரம் செய்வதும் குலத்தொழில் பேசுவதும் ஒன்றா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, நழுவாமல் விடை சொல்வோம். கைத்தொழில் இழிவன்று. கையும் அறிவும் சேர்ந்தால் விளைவது என்ன என்பதைத் தொரப்பள்ளியிலிருந்து எட்டிப் பார்க்கும் தொலைவிலேயே காணலாம். மைசூர் அரசு 1916இல் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. எஸ். ஜி. சாஸ்திரி என்ற அறிஞர் இங்கிலாந்திலே சவுக்காரக் கலை கற்றுவந்தார். 1918இல் சந்தனச் சவுக்காரம் பிறந்தது. நூறாண்டு கடந்தும் அதன் பெயர் நிற்கிறது. அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் என்பவர் 1969இல் தம் வீட்டு முற்றத்திலே சலவைத் தூள் கலந்து, மிதிவண்டியில் வைத்து வீடு வீடாக விற்றார். மகளின் நினைவாக நிர்மா என்று பெயரிட்டார். பெருங் குழுமங்களை நடுங்க வைத்தார். அவர் கையிலே இருந்தது கலயம் மட்டுமா? வேதியியல் படிப்பு இருந்தது; அரசு ஆய்வுக்கூட வேலை இருந்தது. தோற்றால் திரும்பிச் செல்ல இடம் இருந்தது. படித்தவன் விரும்பிக் கலயம் ஏந்தினால் அது முயற்சி. படிக்கவிடாமல் ஒருவன் கையில் கலயத்தைத் திணித்தால் அது விலங்கு. தொழில் ஒன்றே, நீதி வேறு. வேறுபாடு தொழிலில் இல்லை, தேர்ந்தெடுக்கும் உரிமையில் இருக்கிறது.

மலிவுக்கும் ஒரு பற்றுச் சீட்டு உண்டு என்பதையும் மறக்கலாகாது. தொரப்பள்ளி வட்டாரத்திலேயே தென்பெண்ணையின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. அங்கே நீர் திறக்கும் நாளில் மலைபோல் வெண்ணுரை பொங்கி, காற்றில் பறந்து வயலில் விழும் காட்சியைப் பல ஆண்டுகளாக மக்கள் கண்டு வருகின்றனர். அது அழகா? அழுக்கு! பெங்களூரின் கழிவுநீரும், சலவைத் தூளின் எச்சமும், ஆலைக் கழிவும் ஏரிகளின் வழியே ஆற்றில் இறங்கி அணையில் வந்து நுரைக்கின்றன. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2018இலும் தீப்பற்றியே எரிந்தது. நீர் எரிந்த விந்தை! மாநகரத்துச் சட்டை வெளுத்தது. ஓசூர் உழவனின் வாய்க்கால் கறுத்தது. எண்ணெயில் செய்த சவுக்காரம் மண்ணில் எளிதில் சிதையும் என்பது உண்மை. அந்த வகையில் வீட்டுச் சவுக்காரத்துக்கு ஒரு நற்சான்று தரலாம்தான். ஆனால் கழிவைத் தூய்மை செய்யக் கடமைப்பட்ட நகராட்சியும் ஆலையும் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும்போது, இல்லத்தரசி ஒருத்தி புங்கக்கொட்டை பொறுக்கி ஆற்றைக் காப்பாற்றிவிட முடியாது. அவள் தலையில் அந்தப் பொறுப்பையும் ஏற்றுவது, பழைய அநீதிக்குப் புதிய சலவை.

ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்து அரை நூற்றாண்டு ஆகிறது. வண்டியும் கடிகாரமும் அங்கே பிறந்து உலகெங்கும் செல்கின்றன. அவற்றைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மனக்கண்முன் நிறுத்துங்கள். எண்ணெய்க்கறை படிந்த உடையோடு இரவு முறை முடித்து வருகிறார். அவர் மனைவியும் ஓர் ஆலைக்குப் போய்த் திரும்புகிறார். மாதக் கடைசி, கையில் காசில்லை. அவர்களிடம் போய், "வீட்டிலே சவுக்காரம் செய்யுங்கள், மிச்சமாகும்" என்று கூறுவது எளிது. "கூலி போதவில்லையே, ஏன்?" என்று கேட்பது கடினம். எளிய உரையைக் கூறிக் கடினமான கேள்வியை மறைப்பவர் நண்பர் அல்லர். குறைந்த கூலியை ஈடுகட்ட உழைப்பாளியின் தூக்கத்திலிருந்து ஒரு மணி எடுத்தால், மிச்சம் பிடித்தவர் உழைப்பாளி அன்று, கூலி கொடுப்பவரே!

ஆதலின் நாம் கண்ட முடிவு இது. தன் சிக்கனத்துக்குத் தானே விலை கொடுப்பவன் பண்பாளன். தன் சிக்கனத்துக்குப் பிறரை விலை கொடுக்கச் செய்பவன், எவ்வளவு எளிய உடை உடுத்தினாலும், சுரண்டுபவனே. இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் சவுக்காரமும் தெரியும், சட்டமும் தெரியும், சமுதாயமும் தெரியும்.

இளைஞர்களே! சவுக்காரம் செய்யுங்கள், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கலயத்தை அக்காளும் அம்மாவும் கிளற, நீங்கள் திண்ணையில் அமர்ந்து சமத்துவம் பேசாதீர்கள். நீங்களே கிளறுங்கள். உங்கள் சட்டையை நீங்களே துவையுங்கள். மனைவியின் ஒரு மணி நேரத்துக்கும் கணக்கேட்டில் ஓர் இடம் ஒதுக்குங்கள். அதன் பின்னும் மிச்சம் இருந்தால் மகிழுங்கள். மன்றத்திலே மாலைப் பொழுதில் சிறுவர்களைக் கூட்டி, எண்ணெயும் காரமும் கூடுவதைக் காட்டுங்கள்; அதைத் தொழிலாக அன்று, வேதியியல் பாடமாகக் கற்றுக்கொடுங்கள். அச்சிறுவர் நாளை ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் போகட்டும், ஆலைக்குப் போனாலும் போகட்டும். எங்கே போவது என்பதை அவர்கள் பிறப்பு தீர்மானிக்காதிருக்கட்டும்.

துணியின் அழுக்கைச் சவுக்காரம் போக்கும். ஒருவர் வெளுப்புக்கு மற்றொருவர் கறுக்கவேண்டும் என்னும் சமுதாய அழுக்கைப் போக்கும் காரம் நம் அறிவிலேதான் இருக்கிறது. அதற்குக் கடையும் இல்லை, விலையும் இல்லை. நாமே காய்ச்சவேண்டும், கூடி நின்று!